உமாராணி பேசும் நாள்

செந்தூர்வேலின் மனைவி உமாராணி அவரிடம் பேசுவதில்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பேசுவாள். அன்றைக்கு அவர் செந்தூர்வேலாக இருக்க மாட்டார். தலையில் பெரிய சடைமுடி, முகத்தில் கருநீலச் சாயம், வாயில் வீரப்பல்லும் தொங்கும் நாக்கும், முதுகில் கட்டிய மரக்கைகள், சிவப்புச் சேலை என்று காளியாக நிற்பார். குலசை என்று சொல்கிற குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்கிற ஆயிரக்கணக்கான பேரில் அவரும் ஒருவர். காளி வேஷம் கட்டியவனைப் பெற்ற தாயே ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. அந்த வழக்கத்தின் தயவில்தான் உமாராணி அவரிடம் பேசினாள்.

செந்தூர்வேல் லாரி ஓட்டுகிறவர். தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியை ஏற்றிப் போய் ஆலைகளில் கொட்டிவிட்டு வருவது, மீசை முளைத்த காலத்திலிருந்து அவர் பார்க்கிற வேலை. வலதுகைச் சுட்டுவிரலில் நுனி கிடையாது. லாரியின் பின்கதவு நசுக்கியது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். கெட்ட குணம் என்று சொன்னால் கோபம் ஒன்றுதான். துறைமுக வாசலில் வெயிலில் வரிசையில் கிடந்து, கேட்டில் இருப்பவனிடமும் ஆலையில் இருப்பவனிடமும் ஏச்சு வாங்கி, அந்தக் கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவார். வாழ்நாள் முழுக்க டன் டன்னாகக் கரியை இறக்கிய மனுஷனுக்கு இதை வழியில் இறக்கத் தெரியவில்லை.

ஒரே மகன் பாலகணேஷ். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கிடைத்த இரண்டு வேலைகளையும் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு, செல்போனும் கையுமாக வீட்டில் கிடந்தான். அந்த வயதில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் கிடக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் செந்தூர்வேல் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தார். மகன் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உமாராணி குழம்புக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"சம்பாதிக்கிறவனுக்குத்தாம்ல சோறு" என்று சொல்லி, செந்தூர்வேல் அவன் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கினார். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. பையன் எழுந்தான், கையைக் கழுவினான், சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

தருவைகுளத்தில் அவனுக்கு அபிலாஷ் என்று ஒரு கூட்டுக்காரன். மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அவர்கள் படகில் மறுநாள் ஓர் ஆள் குறைந்தது. நான் வாரேன் என்று பாலகணேஷ் ஏறிவிட்டான். பனங்காட்டு ஊரில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? குளத்தில் நீந்துவான், அவ்வளவுதான். வலை இழுக்கும்போது காற்றடித்துப் படகு சாய்ந்தது. மற்றவர்கள் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாதவன் ஒருவன்தான் போனான். உடம்பு பிறகு கரை ஒதுங்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

உமாராணி சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. இழவு வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகு அவள் அவரிடம் பேசவே இல்லை. சமைப்பாள், தட்டில் போட்டு மூடி வைப்பாள், எழுந்து போய்விடுவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தம்பி மனைவி ஜெயசெல்வியிடம் சொல்வாள். "கரண்ட் பில்லு வந்திருக்குன்னு சொல்லு" என்பாள், அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்போது. ஜெயசெல்வி பாவம், "அத்தான், கரண்ட் பில்லு வந்திருக்காம்" என்று திருப்பிச் சொல்வாள். ஒரு வீட்டுக்குள் இப்படி வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும். நம் ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிறது.

செந்தூர்வேலுக்குத் தூக்கம் போயிற்று. அழுகையும் வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் பகலிலும் கண் சொக்கியது. கரி லாரியை அப்படி ஓட்ட முடியாது. ஊரில் வேஷம் கட்டுகிற கூட்டத்துக்கு, அதாவது தசரா செட்டுக்குத் தலைவரான இசக்கியப்பன்தான் ஒருநாள் அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார்.

"ஏலே செந்தூரு, மாலையப் போடு. வேசத்தக் கட்டு. உள்ள அடைச்சுக் கிடக்கத அம்மங்கிட்ட கொண்டுபோய்க் கொட்டிட்டு வா. மாத்திரையாம் மாத்திரை."

முதல் வருஷமே காளி வேஷம்தான் கேட்டார். காளி வேஷம் லேசுப்பட்டது அல்ல. மாதத்துக்கும் மேலே விரதம், வீட்டை விட்டுக் குடிலில் தங்க வேண்டும், தானே பொங்கி ஒருவேளை சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். காப்புக் கட்டி, வேஷம் போட்டு, முதன்முதலில் மேளம் விழுந்தபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அது அருளா, மகனுக்காக அழ வேண்டிய அழுகையா என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் தேவையில்லை. அன்றைக்குக் குடிலில் செத்த பிணம் மாதிரி தூங்கினார்.

காணிக்கை கேட்டுப் போகிற செட்டு அவர் தெருவுக்கும் வந்தாக வேண்டும். அவர் வீட்டு வாசலுக்கும் வந்தாக வேண்டும். செந்தூர்வேல் தன் வீட்டு முன்னால் நின்றபோது உமாராணி சொளவில் அரிசியோடு வெளியே வந்தாள். அரிசியைப் பையில் தட்டினாள். குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டினாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"அம்மா, எம்பிள்ள பசியோட போனான் தாயே. அங்கன போயி சாப்பிட்டானா?"

அதுவரைக்கும் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று நின்றுவிட்டது. வாக்குச் சொல்வதற்காக வீரப்பல்லைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்தார்.

"சாப்பிட்டாம்மா" என்றார். "வயிறு நெறையச் சாப்பிட்டான்."

உமாராணி தலையாட்டினாள். உள்ளே போனாள். தசரா முடிந்து, காப்பவிழ்த்து, மாலையைக் கழற்றிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது மூடி வைத்த தட்டு இருந்தது, பேச்சு இல்லை. வேஷம் கட்டியபோது நடந்தது எதுவும் நினைவில் இருக்காது என்பது ஊரின் நம்பிக்கை. யாராவது கேட்டால் அவரும், "எனக்கு என்ன தெரியும், பேசினது அம்மல்லா?" என்பார். உமாராணி காதில் விழும்படியே சொல்வார். அந்தப் பொய்தான் அவருடைய சொத்து.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். ஒரு வருஷம் என்னையும் கூப்பிட்டுக்கோ தாயே என்றாள். அன்றைக்கு அவர் உடம்பெல்லாம் பதறிப்போய், உனக்கு இன்னும் காலம் இருக்கு என்று அதட்டினார். அடுத்த வருஷம் அடுப்படி ஓடு ஒழுகுவதைச் சொன்னாள். தசரா முடிந்த கையோடு அவர் ஏறி ஓடு மாற்றினார். இன்னொரு வருஷம், "அவிய ராத்திரியெல்லாம் இருமுதாவ. கரித்தூசி. டாக்டர்ட்ட போவச் சொல்லணும் தாயே" என்றாள். தன்னைப் பற்றித் தன்னிடமே முறையிடுகிற மனைவியின் முன்னால், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற புருஷனை நினைத்துச் சிரிக்கலாம்தான். செந்தூர்வேல் மறுவாரமே டாக்டரிடம் போனார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவர் மீதி வருஷத்தை ஓட்டினார்.

போன தசராவுக்கு அவள் சொன்னது இது: "மன்னிக்க மனசு வரல தாயே. ஆனா முன்ன மாதிரி கல்லாவும் இல்ல. அடுத்த வருசம் நீ வாரதுக்குள்ள மனசு எறங்கிரும்னு நெனைக்கேன்."

மனுஷன் அந்த வருஷம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார். அப்படி இருந்தவர் டெரன்ஸிடம் போனதுதான் வினை.

டெரன்ஸ் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தவன். கேட்டில் பேப்பரோடு ஓடிக்கொண்டே இருப்பான். ஒருநாள் ஆபீசிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் ஒன்றும் இல்லை, மனசில்தான் என்றார்கள். வேலையை விட்டான், பெங்களூர் போனான், வெளிநாடு போனான். திரும்பி வரும்போது தாடியும், கையில் ஒரு தட்டு மேளமும், ஷெர்லி என்கிற மனைவியும் இருந்தார்கள். மணப்பாடு போகிற வழியில் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பைக் குத்தகைக்குப் பிடித்து, இயற்கை வழியில் மனசைக் குணப்படுத்துகிறேன் என்று போர்டு மாட்டினான். மேளம் தட்டிச் சாமியாடி நோய் தீர்க்கிற ஷாமன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான்.

பெரிய ஊர்களிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வந்தார்கள். மணலில் குழி தோண்டிக் கழுத்துவரை புதைந்து கிடந்தார்கள். அலையைப் பார்த்துக் கத்தினார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து அதனிடம் பேசினார்கள். சவுக்கை விட்டால் அங்கே இருக்கிற பெரிய மரம் பனை. பனையைக் கட்டிப்பிடித்தால் மனசு ஆறுமோ என்னவோ, நெஞ்சில் சிராய்ப்பு நிச்சயம். ஆனாலும் வந்தவர்கள் திரும்பிப் போகும்போது முகம் தெளிந்துதான் போனார்கள். அதையும் சொல்ல வேண்டும். டெரன்ஸ் ஏமாற்றுக்காரன் இல்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் செந்தூர்வேல் உஷாராகியிருப்பார்.

டீக்கடையில் அவரைப் பார்த்த டெரன்ஸ் அடையாளம் கண்டுகொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க காளி கட்டுதீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் எங்கெங்கயோ போயி படிச்சதை நீங்க இங்கனயே செய்யுதீங்க. ஒரு நாள் எங்க சர்க்கிளுக்கு வந்து பேசணும்."

"வேசம்லாம் கட்ட முடியாது தம்பி. காப்புக் கட்டாம அத தொடவே கூடாது."

"வேசமே வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க. மனசுல இருக்கத சொன்னா போதும். அங்க பேசினது அங்கயே நிக்கும். அக்காவுக்கும் பொம்பளையளுக்குன்னு தனி சர்க்கிள் இருக்கு. நீங்க பாத்துட்டு, நல்லா இருந்தா கூட்டிட்டு வாங்க."

கடைசியில் சொன்னதுதான் அவரை இழுத்தது. வருஷத்துக்கு ஒருநாள் பேசுகிறவள் இங்கே வந்தால் தினமும் பேசுவாளோ என்று ஒரு நப்பாசை. ஆசைப்பட்டதில் தப்பு ஒன்றும் சொல்ல முடியாது. வயிறு நிறைந்தவன்கூட இன்னும் கொஞ்சம் கேட்கிறான். பட்டினி கிடந்தவன் கேட்கமாட்டானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். தோப்பு நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டெரன்ஸ் தட்டு மேளத்தை மெதுவாகத் தட்டினான். பிறகு ஒரு சங்கைக் கையில் எடுத்தான். தூத்துக்குடிக் கடலில் எடுத்த வலம்புரி இல்லாத சாதாரணச் சங்குதான். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஷெர்லி ஓரமாகச் செல்போனை ஒரு கம்பியில் மாட்டி வைத்திருந்தாள். செந்தூர்வேல் அதைப் பார்த்ததும், "நம்ம மையத்துக்கு மட்டுந்தான் அண்ணாச்சி, முகம் விழாது" என்றாள்.

சங்கு கை மாறி மாறி வந்தது. ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். ஓர் இளைஞன் தற்கொலைக்குப் போய்த் திரும்பியதைச் சொன்னான். சங்கு செந்தூர்வேல் மடிக்கு வந்தது. அது வெயிலில் கிடந்து சூடாக இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. வாழ்நாளில் அவரை யாரும் குறுக்கே பேசாமல் கேட்டது கிடையாது. அந்த அமைதி அவரை ஏமாற்றிவிட்டது.

"அருள் வாரது பொய்யில்ல" என்று ஆரம்பித்தார். "மேளம் விழுந்தா வரும். நான் எங்க நிக்கேன்னு தெரியாது. ஆனா எங்க வீட்டு வாசலுக்குப் போனா அது எறங்கிப் போயிருது. ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். அங்கன அம்மன் இல்ல, நான்தான் நிக்கேன். அவ அம்மான்னு கூப்பிடுதா. எல்லாத்தையும் சொல்லுதா. ஒரு எழுத்து விடாம எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவட்ட பொய் சொல்லியிருக்கேன். தெரியும்னு சொன்னா அதுவும் போயிருமே."

தட்டைப் பிடுங்கியதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுதார், மேளம் இல்லாமல், வேஷம் இல்லாமல், லாரி டிரைவர் செந்தூர்வேலாகவே அழுதார். பக்கத்திலிருந்த யாரோ முகம் தெரியாத பிள்ளை அவர் முதுகில் கையை வைத்தது. வீட்டுக்குத் திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். மாதக்கணக்கில் நல்ல தூக்கம் வந்தது. டெரன்ஸின் வைத்தியம் பலித்தது என்பதில் சந்தேகமே இல்லை. நோயாளிக்குக் குணமாகிவிட்டது, குடும்பம்தான் செத்தது.

தசராவுக்கு மாலை போடுகிற நேரத்தில் அந்த வீடியோ வந்தது. டெரன்ஸின் மையம் தன்னைப் பற்றி வெளியிட்ட ரீல்ஸில் அதுவும் ஒன்று. அடியில் ஆங்கில எழுத்து ஓடியது, பின்னால் புல்லாங்குழல். சொன்ன மாதிரியே முகம் விழவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சட்டை, மடியில் ஒரு சங்கு, அதைப் பிடித்திருக்கும் நுனியில்லாத சுட்டுவிரல், ஊரே நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல். எங்கோ கோயம்புத்தூரில் யாரோ பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பி, அது சுற்றிச் சுற்றித் தசரா செட்டின் வாட்ஸ்அப்புக்கே வந்து சேர்ந்தது.

செந்தூர்வேல் தோப்புக்கு ஓடினார். டெரன்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தப்பா ஒண்ணும் நெனைக்கல அண்ணாச்சி. அத பாத்து எத்தனை பேரு அவங்க வீட்ல பேசியிருக்காங்க தெரியுமா? அப்பா மகன், புருசன் பொண்டாட்டி. தெனமும் மெசேஜ் வருது."

"எங்க வீட்ல?" என்று கேட்டார் செந்தூர்வேல்.

டெரன்ஸ் வீடியோவை அப்போதே எடுத்துவிட்டான். ஊர்க்காரர்களின் போனிலிருந்து யார் எடுப்பது?

இசக்கியப்பன் குடிலுக்கு முன்னால் வைத்துக் கேட்டார். "ஏலே, அப்போ எம்மவளுக்கு மாப்பிள்ள வருவாம்னு சொன்னியே, அது அம்மன் சொன்னதா, நீ சொன்னதா?"

"மத்த எடத்துல அம்மந்தான் அண்ணாச்சி. எங்க வீட்டு வாசல்லதான்..."

"வாசலுக்கு வாசல் அம்மன் மாறுவாளாக்கும்?" என்றார் அவர். ஆனாலும் வேஷத்தைத் தடுக்கவில்லை. நேர்த்திக்கடன் அவனுக்கும் அம்மனுக்கும் உள்ளது, நாம் யார் நடுவில் என்று விட்டுவிட்டார்.

உமாராணி பார்த்தாளா என்பதுதான் செந்தூர்வேலுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவளிடம் கேட்க முடியாது. பேசாத மனைவி கோபமாக இருக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போதும்போலத் தட்டு மூடி வைத்திருந்தது. ஜெயசெல்வியைத்தான் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்போன்லதான் பாத்தாவ அத்தான். திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாவ. கடைசியில ஒண்ணுதான் கேட்டாவ. 'அப்போ எம்பிள்ள சாப்பிட்டான்னு சொன்னது யாரு?'ன்னாவ. நான் என்னத்த சொல்ல?"

செந்தூர்வேல் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டான் என்கிற அந்த ஒரு வாக்கின் மேல்தான் உமாராணி இத்தனை வருஷமாகச் சோறு பொங்கினாள், சாப்பிட்டாள், உயிரோடு இருந்தாள். அதைச் சொன்னது அம்மன் என்று நம்பினாள். சொன்னதோ தட்டைப் பிடுங்கியவன். மனசு லேசாக வேண்டும் என்று அவர் அன்றைக்கு இறக்கி வைத்த பாரம் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது.

இருந்தாலும் விரதம் இருந்தார். முன்னைவிடக் கடுமையாக இருந்தார். அம்மா, இந்த ஒரு தடவை என் வாசலில் இறங்கிப் போய்விடாதே, நீயே நின்று அவளிடம் பேசு என்று வேண்டினார். காப்புக் கட்டினார். செட்டு தெருவுக்குள் வந்தது. மேளக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அவர் வீட்டு முன்னால் தேவைக்கு அதிகமாகவே தட்டினார்கள். கதவு சாத்தியிருந்தது. ஜெயசெல்விதான் தன் வீட்டிலிருந்து சொளவில் அரிசி கொண்டுவந்து போட்டாள்.

"அக்கா இல்ல... அம்மா" என்றாள். அத்தான் என்பதா அம்மா என்பதா என்று அவளுக்கே தடுமாறியது. "காலையிலயே குலசைக்குப் பஸ் ஏறிட்டாவ."

சூரசம்ஹாரத்தன்றைக்குக் குலசேகரன்பட்டினம் கடற்கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். எல்லா ஊர்ச் செட்டும் அன்றைக்கு அங்கே வந்து சேரும். அனுமார், குறவன், குறத்தி, கரடி, போலீஸ், பிச்சைக்காரன், எங்கே திரும்பினாலும் காளி. சாயங்கால வெயிலில் செந்தூர்வேல் குங்குமத் தட்டோடு ஜனங்களுக்கு நடுவே நின்றார். அவரைத் தெரியாத வெளியூர்க்காரர்கள் வரிசையாக வந்து நெற்றியைக் காட்டினார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எத்தனை மேளத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் அவருக்குக் கேட்கும். கொஞ்சம் தள்ளி, வேறு ஏதோ ஊர்ச் செட்டுக் காளி ஒருவன், மீசை அரும்பாத சின்னப் பையன். அவன் முன்னால் உமாராணி நின்றாள். முதுகுதான் தெரிந்தது.

"அம்மா, எம்பிள்ள பசியோட போனான் தாயே" என்றாள். முதல் வருஷம் கேட்ட அதே கேள்வி. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிட்டானா?"

பையன் பல்லைக் கழற்றிக்கொண்டு கேட்டான். "ஏன் பசியோட போனான்?"

செந்தூர்வேல் ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இருந்ததில்லை.

"அவன் அப்பா தட்டப் புடுங்கினாவ தாயே. நான் கரண்டியோட பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு வார்த்த சொல்லல. விடுங்க, பிள்ள சாப்பிடட்டும்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பிள்ள இருந்திருப்பான். அன்னைக்குச் சொல்லாத வாய வச்சிக்கிட்டு அவியட்ட இனிம என்னத்த பேச? அதான் பேசல. அவியள தண்டிக்கேன்னு ஊரு நெனைக்கு."

அந்தச் சின்னக் காளி என்ன பதில் சொன்னது என்று செந்தூர்வேலுக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் தன்னை வெறுக்கிறாள் என்று நினைத்த மௌனம் அவள் தனக்கே போட்டுக்கொண்ட விலங்கு என்று இப்போதுதான் தெரிந்தது. நீ சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன், உன்மேல் ஒன்றுமில்லை உமா என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அது அவரிடம்தான் இருந்தது. ஆனால் அவர் வாயில் வீரப்பல்லும் நாக்கும் மாட்டியிருந்தது. காப்பவிழ்க்காமல் புருஷனாகப் போய் நிற்கவும் முடியாது.

உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கூட்டம் அவளை நெட்டித் தள்ளி இவர் இருந்த பக்கமே கொண்டுவந்தது. வழியில் நின்ற காளிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். இவர் முன்னால் வந்ததும், எல்லோரையும்போலக் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினாள்.

செந்தூர்வேல் குங்குமத்தைத் தொட்டுக் கையை உயர்த்தினார். விரல் நெற்றியில் படுவதற்குத் தாமதமாகிறதே என்று அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே நுனியில்லாத சுட்டுவிரல். அதிலிருந்து பார்வை மேலே வந்து, சாயத்துக்குள் இருந்த அவர் கண்ணில் நின்றது.

"வேண்டாம்" என்றாள்.

அம்மா என்று சேர்க்கவில்லை. மகன் செத்ததிலிருந்து அவள் அவரிடம், அவர் என்று தெரிந்தே சொன்ன ஒரே வார்த்தை அது. ஒரு எட்டு பின்னால் வைத்து, சேலைத் தலைப்பால் நெற்றியை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். செந்தூர்வேல் பல்லைக் கழற்ற இரண்டு கையாலும் போராடினார். பின்னால் கட்டியிருந்த கயிறு சடையில் சிக்கிக்கொண்டது. அது ஒரு வழியாகக் கழன்றபோது உமாராணி எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை.

எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். "அம்மா, பிள்ளைக்கு ராத்திரியில உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, வாக்குச் சொல்லுங்க" என்றாள். மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அருள் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தாயி" என்று சொல்லிவிட்டு, விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தார்.